வன்னியில் வேலை முடிந்தது என்று எழுதியவர்களுக்கு

வடக்கின் ஓலைச்சுவடிகளைப் படம்பிடித்துக் கணினியில் சேமிக்கும் திட்டத்தை நடத்தும் குழுவினருக்கு,

உங்கள் அறிக்கையில் வன்னிக்குக் கிடைத்தது ஒன்பது வரி. எண்ணிப் பார்த்தேன். முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் மத்தியகாலச் சுவடி எதுவும் கிடைக்கவில்லை, கண்ணில் பட்டவை அண்மைக்காலப் பிரதிகள், ஆகவே இந்தப் பகுதியில் வேலை முடிந்தது என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். கிடைக்கவில்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். முடிந்தது என்பதைப் பொறுக்க முடியவில்லை.

நீங்கள் வந்தது மூன்று நாள். ஏ-9 வீதியோரத்தில் நான்கு கோவில், ஒரு பாடசாலை, அப்புறம் என் வீடு. என் வீட்டுக்கும் தற்செயலாகத்தான் வந்தீர்கள். கோவில் ஐயர் சொல்லியிருக்காவிட்டால் ஒட்டுசுட்டான் பக்கம் வாகனம் திரும்பியே இராது. வந்த இரண்டு தம்பிமாரும் மரியாதையான பிள்ளைகள். அவர்களில் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நாற்பது நிமிடம் இருந்தார்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பிளாஷ் அடித்து, ஒரு கட்டில் பன்னிரண்டு ஏட்டைப் படம் எடுத்தார்கள். மற்றக் கட்டை அவிழ்க்கவில்லை. மூன்றாவதைக் காட்டியபோது சிரித்தார்கள். அந்த மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"எந்த வருசத்து ஏடு, ரீச்சர்?" என்று கேட்டார் ஒருவர். கடைசி ஏட்டைக் காட்டினேன். பிலவ வருஷம் ஆவணி மாதம் எழுதி முடிந்தது என்று இருக்கிறது. அவர் கைத்தொலைபேசியில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு 1901 என்று எழுதிக்கொண்டார். உங்கள் பட்டியலிலும் 1901 என்றுதான் இருக்கிறது.

பிலவ 60 வருடத்துக்கு ஒரு முறை வரும். 1901 இல் வந்தது, 1841 இல் வந்தது, 1781 இலும் வந்தது. இந்த ஏட்டை எழுதியவர் என் அப்பப்பாவின் பாட்டனார். 1894 ஆம் ஆண்டுக் காணி உறுதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் அவர் பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போட்டிருக்கிறது. செத்து ஏழு வருடம் கழித்து அவர் எழுத்தாணி பிடித்தாரா? அந்த உறுதியைக் காட்டத்தான் இருந்தேன், கேட்க ஆளில்லை. அதே ஏட்டில் தேதியும் கிழமையும் நட்சத்திரமும் எழுதியிருக்கிறது. தேதி, கிழமை, நட்சத்திரம் மூன்றும் பொருந்துவது எந்தப் பிலவ ஆவணி என்று பஞ்சாங்கக் கணக்குப் போடும் மென்பொருள் ஒரு நொடியில் சொல்லிவிடும். எண்ணிம முறை என்று அறிக்கை முழுக்க எழுதியிருக்கிறீர்கள். அதில் மிகச் சுலபமான வேலை இது. அதையும் செய்யவில்லை.

சரி, 1841 என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மத்தியகாலம் ஆகாதே என்பீர்கள். உங்கள் விதியின் கோளாறு இங்கேதான் இருக்கிறது. பனையோலைக்கு நம் வெக்கையிலும் ஈரத்திலும் ஆயுள் 200, 300 வருடம். கறையானும் இராமபாணப் பூச்சியும் வந்தால் அதுவும் இல்லை. ஆகவே நம் ஆட்கள் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் படி எடுத்தார்கள். ஓலைக்கு ஒரு வயது, உள்ளே இருப்பதற்கு வேறு வயது. சங்க இலக்கியத்துக்குச் சங்ககாலத்து ஏடு ஒன்றுகூட உலகத்தில் இல்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்ததும், உ. வே. சாமிநாதையர் 1892 இல் சிலப்பதிகாரத்தைக் கொண்டுவந்ததும் இப்படிப் படிக்குப் படி எடுத்து வந்த ஏடுகளிலிருந்துதான். உங்கள் தம்பிமார் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தால் அண்மைக்காலப் பிரதி என்று எழுதிவிட்டு வந்திருப்பார்கள்.

தோலில் எழுதிய ஐரோப்பாவிலேயே இந்த விதி ஓடாது. ஆர்க்கிமிடீஸ் வாழ்ந்தது கி.மு. மூன்றாம் நூற்றாண்டில். அவருடைய நூல்களைப் பத்தாம் நூற்றாண்டில் ஒருவர் தோலில் படி எடுத்தார். 1229 இல் இன்னொருவர் அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே செபப் புத்தகம் எழுதினார். 1998 இல் அது ஏலத்தில் 20 இலட்சம் டொலருக்குப் போனது. வாங்கியவர் அதை பால்டிமோரில் உள்ள வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். ஒவ்வொரு நிற ஒளியிலும் தனித்தனியாகப் படம் எடுத்து, பத்து வருடத்துக்கு அருகில் பாடுபட்டு, செபத்துக்கு அடியில் கிடந்த கணிதத்தை வெளியே எடுத்தார்கள். மேலே தெரிந்த எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு இது செபப் புத்தகம், வேலை முடிந்தது என்று அவர்கள் போகவில்லை. எடுத்த படங்களையும் 2008 இல் எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி இணையத்தில் போட்டார்கள். அந்தக் கடைசிச் செய்தியை மனதில் வைத்திருங்கள், திரும்பி வருவேன்.

என்னிடம் இருப்பவை என்ன? ஒரு கட்டு விசகடி வாகடம். பாம்பு, பூரான், சிலந்தி கடித்தால் என்ன செய்வது என்பது. இன்னொன்று மாட்டு வாகடம், பின்னால் பத்துப் பன்னிரண்டு ஏட்டில் கூத்துப் பாட்டும் இருக்கிறது. என் அப்பப்பா பரியாரியார். வைத்தியத்துக்குக் காசு வாங்கமாட்டார், நெல்லுக் கொடுத்தால் மறுக்கமாட்டார். யாழ்ப்பாண அரசர் காலத்துச் செகராசசேகரம், பரராசசேகரம் என்ற வைத்திய நூல்களை நீங்கள் அறிவீர்கள். எங்கள் விசகடிக் கட்டில் உள்ள பாட்டுகள் அவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று வரிக்கு வரி ஒப்பிட்டால் இது யாருடைய வழி என்று தெரிய வரும். பல பிரதிகளைக் கணினியில் அடுக்கி, எந்தப் பிழை எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்குத் தாவியது என்று பார்த்துச் சுவடிகளுக்கு வம்ச மரம் போடுகிறார்கள். 1841 ஏடு அந்த மரத்தில் ஒரு கிளை. கிளையை வெட்டிவிட்டு வேரைத் தேடுகிறீர்கள்.

இந்தக் கட்டுகள் எப்படி மிஞ்சின என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சுவடியின் விபரப் பதிவில் அது எங்கெங்கே இருந்தது என்ற பத்தி மிக முக்கியம் என்று உங்கள் துறைப் புத்தகங்களே சொல்கின்றன.

எங்கள் வீட்டில் ஏழு கட்டு இருந்தது. 2009 தை மாதம் யுத்தத்துக்குத் தப்பி ஒட்டுசுட்டானை விட்டு வெளிக்கிட்டபோது றங்குப் பெட்டியில் உறுதியும் ஏடும் ஒன்றாகப் போயின. புதுக்குடியிருப்பு வரைக்கும் உழவு இயந்திரத்தில் போன பெட்டியை அதற்கப்பால் சுமக்க முடியவில்லை. அப்பா ஏடுகளை உரப்பையில் போட்டார். இரணைப்பாலையில் நாங்கள் இருந்த பங்கருக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டி, பொலித்தீனில் சுற்றி ஐந்து கட்டைத் தாட்டார். இரண்டைத் தூக்கிக்கொண்டு மாத்தளனுக்குப் போனோம். அரிசி கொண்டு போயிருக்கலாம் என்று அம்மா பல நாள் அப்பாவை ஏசினார். அம்மா சொன்னதிலும் பிழை இல்லை.

ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் எல்லாருடைய பையையும் கொட்டிச் சோதித்தார்கள். ஒரு சின்னப் பெடியன், இருபது வயதுகூட இராது, ஏட்டுக் கட்டைத் தூக்கினான். எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. அவன் கயிற்றைக் கொஞ்சம் நெகிழ்த்திப் பார்த்துவிட்டு, "புஸ்கொள" என்றான். ஓலை ஏட்டுக்குச் சிங்களத்தில் அதுதான் சொல். பிறகு கயிற்றைத் திரும்பக் கட்டி, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினான். அன்றைய நாளில் எங்களுக்கு நடந்த நல்ல காரியம் அது ஒன்றுதான். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாதவனுக்குக் கையில் இருப்பது இன்னதென்று தெரிந்தது.

செட்டிகுளம் முகாமில் ஆவணி மழை கூடாரத்துக்குள் வந்தபோதும் அந்த இரண்டு கட்டும் கூரைத் தடியில் தொங்கின. அவற்றைத்தான் நீங்கள் மேசையில் பார்த்தீர்கள்.

தாட்ட ஐந்தை 2013 இல்தான் போய்த் தோண்ட முடிந்தது. நான்கைக் கறையான் மண்ணாக்கிவிட்டது. ஐந்தாவது ஈரத்தில் ஊறி, காய்ந்து, செங்கல் மாதிரி ஒரே கட்டியாக இறுகிவிட்டது. உங்கள் தம்பிமார் சிரித்தது அதைப் பார்த்துத்தான். இஸ்ரேலில் எங்கெடி என்ற இடத்தில் 1970 இல் கரிந்துபோன தோல் சுருள் ஒன்று கிடைத்தது. தொட்டால் நொறுங்கும் கரித்துண்டு. 45 வருடம் சும்மா வைத்திருந்தார்கள். பிறகு ஊடுகதிர்ப் படம் எடுத்து, கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் கணினிக்குள்ளேயே அதை விரித்து, உள்ளே விவிலியத்தின் லேவியராகமம் இருக்கிறது என்று படித்துவிட்டார்கள். சுருளை ஒருவரும் திறக்கவில்லை. என் கட்டியும் அப்படித் திறக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. தோல் வேறு, ஓலை வேறு, மையில் எழுதுவதும் எழுத்தாணியால் கீறுவதும் வேறு வேறு. நான் கேட்பது அதற்குப் பட்டியலில் ஓர் இலக்கம். இருக்கிறது என்று எழுதிவிட்டால் முப்பது வருடம் கழித்து யாராவது தேடி வரக்கூடும்.

இனி நீங்கள் எடுத்த படங்கள். மூன்று முறை கேட்ட பிறகு பன்னிரண்டில் நான்கு வாட்ஸ்அப்பில் வந்தன. பெரிதாக்கினால் எழுத்து கரைந்து போகிறது. அளவுகோல் வைக்கவில்லை, நிற அட்டை வைக்கவில்லை, ஏட்டின் இடது ஓரத்தில் இருக்கும் ஏட்டிலக்கம் இரண்டு படத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. அதைவிடப் பெரிய குறை வெளிச்சம். ஓலையில் எழுத்து என்பது கீறல். கீறிய பிறகு கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால்தான் கறுப்பாகத் தெரியும். எங்கள் ஏட்டில் மழையோடும் வியர்வையோடும் பாதிக் கரி போய்விட்டது. அதற்கு நேரே பிளாஷ் அடித்தால் வெறும் ஓலைதான் படத்தில் வரும்.

இதை நான் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கவில்லை. என்னிடம் தமிழ் படித்த பிள்ளை ஒருத்தி ஒரு நாள் மின்சாரம் இல்லாத நேரத்தில் கைத்தொலைபேசி ரோச் லைட்டை ஏட்டுக்குப் பக்கவாட்டில் படுத்தாற்போல் பிடித்தாள். வெறுமையாகக் கிடந்த ஓலையில் எழுத்து எழும்பி வந்தது. இருவரும் கத்திவிட்டோம். இதே வேலையை ஒழுங்காகச் செய்யும் முறை 2001 இலிருந்து இருக்கிறது என்று பிறகுதான் வாசித்து அறிந்தேன். கமராவை அசையாமல் நிறுத்திவிட்டு, விளக்கை மட்டும் சுற்றிச் சுற்றி நகர்த்திப் பல படம் எடுக்கிறார்கள். பக்கத்தில் பளபளக்கும் கறுப்பு உருண்டை ஒன்று வைத்தால், அதில் விழும் ஒளிப்புள்ளியைக் கொண்டு வெளிச்சம் வந்த திசையைக் கணினி கணித்துக்கொள்கிறது. அப்புறம் வீட்டில் இருந்தபடியே நாம் விரும்பிய பக்கத்திலிருந்து வெளிச்சம் விழுத்திப் படிக்கலாம். மென்பொருளும் இலவசம். செலவு கமராவுக்கும் பொறுமைக்கும்தான். ஒரு ஏட்டுக்கு இருபது நிமிடம் போகலாம். நாற்பது நிமிடத்தில் ஒரு வீட்டை முடிப்பவர்களுக்கு அது கட்டாது.

எழுத்தைக் கணினியே வாசித்துவிடும் என்றும் அறிக்கையில் ஒரு பத்தி இருக்கிறது. கையெழுத்தை வாசிக்கப் பழக்கும் மென்பொருள்கள் இருப்பது உண்மை. இன்ஸ்புரூக்கில் தொடங்கிய டிரான்ஸ்கிரிபஸ் அதில் ஒன்று. ஆனால் அதற்கு முதலில் மனிதர் வாசித்து எழுதிக் கொடுத்த 5,000 முதல் 15,000 சொல் வேண்டும். அதை யார் வாசிப்பது? ஏட்டில் புள்ளி இல்லை. எ, ஏ வேறுபாடு இல்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு. தென என்று இருந்தால் அது தேனா, தென்னையின் தொடக்கமா என்று அடுத்த சொல்லையும், அந்த மருந்தையும் அறிந்தவர்தான் சொல்ல முடியும். அளவுகள் இன்னும் மோசம். எட்டேகால் லட்சணமே என்று ஒளவை திட்டியதைப் பள்ளியில் படித்துச் சிரித்திருப்பீர்கள். எட்டுக்கு அ, காலுக்கு வ. எந்திரம் அதை அவ என்று வாசித்துவிட்டுப் போகும். தனிப்பாடலில் அது பகிடி. பாம்புக்கடி மருந்தில் எத்தனை கழஞ்சு என்பதில் அப்படி வாசித்தால் ஆளே போய்விடும்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். அதைத்தான் சொல்ல வந்தேன், சுற்றி வளைத்துவிட்டேன். முள்ளியவளையிலும் வற்றாப்பளைப் பக்கத்திலும் கோவலன் கூத்தைத் தலைமுறையாக ஆட்டுவிக்கும் அண்ணாவிமார் இருக்கிறார்கள். ஏட்டைத் தொடாமலே அடுத்த வரியைச் சொல்வார்கள். கண்ணகி கதையான சிலம்பு கூறல் படிப்பவர்கள் இருக்கிறார்கள். குருவிப்பள்ளும் பண்டிப்பள்ளும் வயலில் பாடிக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். மாட்டு வைத்தியர் இருவரை நானே அறிவேன். இவர்களில் ஒருவரையும் நீங்கள் பார்க்கவில்லை. ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி 1895 இல் வன்னி மாவட்டங்களுக்கு ஒரு கைநூல் எழுதினார். ஆளும் சாதியின் கண்ணோடு எழுதியதுதான், ஆனாலும் உங்கள் ஒன்பது வரியைவிட வன்னி அதில் அதிகம் இருக்கிறது. தார் வீதி இல்லாத காலம் அது.

இன்னொன்று. எங்கள் விசகடி வாகடம் முழுக்கட்டு அல்ல. அப்பப்பாவும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது காணி, மாடு மாதிரி அதையும் பிரித்துவிட்டார்கள். மற்றப் பாதி இப்போது கனடாவில், ஸ்காபரோவில் என் ஒன்றுவிட்ட அண்ணர் வீட்டில் சாமியறையில் இருக்கிறது. அவருடைய கட்டு 63 ஆம் ஏட்டில் நிற்கிறது, எங்களுடையது 64 இல் தொடங்குகிறது. வெவ்வேறு நாட்டில் உள்ள சுவடிப் படங்களை ஒரே திரையில் சேர்த்து வரிசையாகப் புரட்டுவதற்குப் பொதுவான தரம் ஒன்று இருக்கிறது. உலகத்தின் பெரிய நூலகங்கள் பல பத்து வருடத்துக்கு மேலாக அதைப் பின்பற்றுகின்றன. உங்கள் படங்களும் அந்தத் தரத்தில் இருந்தால் அப்பப்பாவும் தம்பியும் பிரித்ததை இணையத்தில் ஒட்டிவிடலாம். உங்களிடம் இருப்பதோ பூட்டிய கோப்பு. கொழும்புக்கு வந்து விண்ணப்பம் நிரப்பி உங்கள் அறைக்குள் இருந்து பார்க்கலாம் என்கிறீர்கள். என் வீட்டு ஏட்டைப் பார்க்க நான் ஓர் இரவு பஸ்ஸில் வர வேண்டும்.

கொண்டுபோய் வைத்துக்கொள்வது எங்களுக்குப் புதிதில்லை. ஹியூ நெவில் என்ற சிவில் சேவை அதிகாரி இந்தத் தீவில் சேர்த்த 2,000 க்கும் மேற்பட்ட ஏட்டுக் கட்டுகள் இன்று லண்டனில் இருக்கின்றன. அவை அங்கே பத்திரமாக இருப்பதையும் மறுக்கமாட்டேன். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தோடு எரிந்த ஏடுகளுக்கு வேறு எங்காவது ஒரு படி இருந்திருந்தால் என்று நினைக்காத தமிழர் இல்லை. அதனால்தான் ஒரே இடத்தில் ஒரே படி என்ற உங்கள் ஏற்பாடு எனக்குப் பயமாக இருக்கிறது. நூலகம் என்ற இணைய நூலகம் 2005 இலிருந்து ஈழத்து எழுத்துகளை யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. தன்னார்வலர்கள் தொடங்கியது. அவர்களால் முடிந்தது நிதியும் வாகனமும் உள்ள உங்களால் ஏன் முடியாது?

நான் கேட்பவை இவை.

வன்னியில் வேலை முடிந்தது என்ற வரியை அறிக்கையிலிருந்து எடுங்கள். வேலை தொடங்கவில்லை என்று எழுதினால் உண்மையாக இருக்கும். ஓலையின் வயதை வைத்து ஏட்டை ஒதுக்கும் விதியைக் கைவிட்டு, நூலின் வயது, படியின் வயது என்று இரண்டு பத்தி போடுங்கள். என் கட்டுக்கு எதிரே உள்ள 1901 ஐ அழித்து, கிழமையையும் நட்சத்திரத்தையும் வைத்துக் கணித்து எழுதுங்கள். கட்டியாகிப்போன ஐந்தாவதுக்கு ஓர் இலக்கம் கொடுங்கள்.

எடுத்த பன்னிரண்டு படத்தையும் முழு அளவில் எனக்கு அனுப்புங்கள். இனி எந்த வீட்டில் எடுத்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு படி, முல்லைத்தீவு மாவட்டத்தில் பொது இடம் ஒன்றில் ஒரு படி, இணையத்தில் எல்லாருக்கும் ஒரு படி என்று எழுத்தில் தாருங்கள். ஏடு வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. மருந்து முறைகளை யாராவது வியாபாரத்துக்கு எடுத்தால் குடும்பத்தைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்பதும் அந்த எழுத்தில் இருக்கட்டும்.

பக்கவெளிச்சத்தில் படம் எடுக்கும் ஒரு தொகுதியை இங்கேயே ஒரு பாடசாலையில் வைத்து, உயர்தரம் முடித்த பிள்ளைகள் ஆறு பேருக்குப் பழக்குங்கள். அண்ணாவிமாரையும் பரியாரிமாரையும் ஏடு வாசிப்பவர்களாகச் சம்பளத்துக்கு அமர்த்துங்கள். ஒவ்வொரு ஏட்டுக்கும் அவர்கள் வாசிக்கும் குரலையும் பதிவு செய்யுங்கள். என் கணக்கில் மூவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, ஆகவே இதை அடுத்த வருட வரவுசெலவுக்குத் தள்ளாதீர்கள்.

இம்மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வருவதானால் வைகாசியில் வாருங்கள். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு எல்லா ஊர் ஆட்களும் கூடுவார்கள், யார் வீட்டில் என்ன ஏடு இருக்கிறது என்று ஒரே நாளில் கேட்டுவிடலாம். மாரி காலத்தில் வர வேண்டாம். ஈரக் காற்றில் நான் கட்டை அவிழ்க்கமாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஒருத்தி
ஒட்டுசுட்டான்